சாதிக்கு அப்பா, தாய்மொழிக்கு அம்மா... அப்போ நான் யார்? கலப்புக் குடும்பப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது எப்படி?

அடையாறில் ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சொந்த ஊர் கும்பகோணம், இந்து. அம்மாவுக்குக் கோட்டயம், கிறிஸ்தவர். இருவரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, காதலித்து, பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். மகள் பத்தாம் வகுப்பு.

2027 பிப்ரவரி. காலிங் பெல் அடிக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்திருக்கிறார். 1931-க்குப் பிறகு முதல் முறையாக எல்லாச் சாதிகளையும் கணக்கெடுக்கும் கணக்கெடுப்பு இது. அப்பா, அம்மா விவரமெல்லாம் சுலபமாக முடிந்துவிடுகிறது. அடுத்து, "பாப்பாவுக்கு என்ன மதம் போடட்டும் சார்? சாதி? தாய்மொழி?"

அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அம்மா அப்பாவைப் பார்க்கிறார். மகள் இரண்டு பேரையும் பார்க்கிறாள்.

குடும்பம் கற்பனைதான். ஆனால் அந்த மூன்று பார்வைகளும் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வளர்கிற பல பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் ஊரில் சாதி என்றால் அப்பாவுடையது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தாய்மொழி என்றால்? 2011 கணக்கெடுப்பின் விளக்கப்படி, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழி. ஆக சாதிக்கு அப்பா, மொழிக்கு அம்மா. பள்ளியில் தமிழ், ஃபிரெண்ட்ஸிடம் இங்கிலீஷ், போனில் அம்மச்சியிடம் மட்டும் தட்டுத்தடுமாறி மலையாளம் பேசும் பெண்ணுக்குத் தாய்மொழி மலையாளம் என்று பதிவாகும்.

கலப்புத் திருமணம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், சினிமா எடுத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கதைகள் கல்யாணத்தோடு முடிந்துவிடுகின்றன. பிறகு பிறக்கிற பிள்ளையின் கதை என்ன? அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர், தாத்தா பாட்டி, பள்ளி, நண்பர்கள் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எத்தனை பேர் இப்படி இருக்காங்க?

சதவீதத்தில் பார்த்தால் ரொம்பக் குறைவு. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி தாண்டி நடக்கும் திருமணங்கள் நாட்டில் சுமார் 5 சதவீதம்தான். பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கைக்காக நாடு முழுக்க சுமார் 30,000 பேரிடம் கேட்டார்கள். மணமானவர்களில் 99 சதவீதம் பேர், தங்கள் துணையும் தங்கள் மதம்தான் என்றார்கள்.

இந்த எண்களைப் பிள்ளையின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். 40 பேர் இருக்கிற வகுப்பில் தன்னைப் போன்ற வீடு வேறு யாருக்குமே இல்லாமல் போகலாம். தெருவில் இல்லை, சொந்தத்தில் இல்லை. அக்கா, தம்பி இருந்தால் அவர்கள் மட்டும்தான் கூட்டாளிகள். ஒற்றைப் பிள்ளை என்றால் அதுவும் இல்லை. இந்தப் பிள்ளைகளின் முதல் சிக்கல் இந்தத் தனிமைதான்.

இதில் எத்தனையோ வகை உண்டு. சாதி வேறு, மொழி ஒன்று. மொழி வேறு, மதம் ஒன்று. இரண்டும் வேறு. அப்பா அல்லது அம்மா வெளிநாட்டவர். இருவரும் தமிழர்தான், ஆனால் ஒரு வீட்டில் 'ஆத்துக்கு வா, ஜலம் குடி', இன்னொரு வீட்டில் 'வீட்டுக்கு வா, தண்ணி குடி'. மயிலாப்பூரில் ஒரு பாட்டி வீடு, கடலூரில் இன்னொரு பாட்டி வீடு என்று வளரும் பிள்ளை, எந்த வாசலில் எந்தச் சொல் என்பதை ஐந்து வயதிலேயே பழகிக்கொள்ளும். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஒரு முறை மாற்றிப் பேசியபோது பெரியவர்கள் முகம் மாறியதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கும்.

இது சென்னைக்குப் புதுசா?

இல்லவே இல்லை. 1687இல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கோட்டையில் இருக்கும் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்கப்படுத்துங்கள், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள் என்றார்கள். அந்தப் பொற்காசு குழந்தை மேல் உள்ள பாசத்தால் வந்ததில்லை. குழந்தை எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதற்கான விலை அது.

பின்னாளில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று அரசமைப்புச் சட்டத்தின் 366ஆவது பிரிவு விளக்கியபோதும், தந்தைவழியில் ஐரோப்பிய வம்சாவளி இருக்க வேண்டும் என்றது. தாய் ஐரோப்பியராக இருந்தால் மட்டும் போதாது. அங்கேயும் கணக்கு அப்பா வழிதான்.

தென் சென்னைக்கு வருவோம். 1920இல், 16 வயது ருக்மிணி தேவி, தன்னைவிட 25 வயது மூத்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது சென்னையில் பெரிய சலசலப்பு. அடையாறு பிரம்மஞான சபையைச் சுற்றி நடந்த கதை அது. பின்னர் கலாக்ஷேத்ராவை உருவாக்கியது இதே ருக்மிணி தேவிதான்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகம். இந்த உறவுக்காக அப்பாவை அவர் குடும்பம் ஒதுக்கிவைத்தது. அந்த வீட்டுப் பெண் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். அம்மா பக்கத்து உலகத்தை உள்ளேயிருந்து அறிந்ததுதான் அவர் போராட்டத்தின் வேர். இரண்டு பக்கமும் தெரிந்த பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கிடைக்காத பார்வை கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அவர் பெயரில்தான் தமிழ்நாடு அரசின் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது. தகுதியுள்ள தம்பதிக்கு 8 கிராம் தங்க நாணயம், படிப்பைப் பொறுத்து 25,000 அல்லது 50,000 ரூபாய். நல்ல திட்டம். ஆனால் கவனியுங்கள், அப்படியொரு வீட்டில் பிறந்த பிள்ளையின் பெயரில் இருக்கிற திட்டமும் தம்பதியோடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு வந்து சேர்வது ஃபார்ம்கள்தான்.

சரி, அந்த ஃபார்ம்கள் என்ன கேட்குது?

பெற்றோர் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய இடங்கள் இவை.

பிறப்புப் பதிவு: முன்பு 'குடும்பத்தின் மதம்' என்று ஒரே கட்டம் இருந்தது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து மத்திய உள்துறை அமைச்சகம் தயாரித்த மாதிரி விதிகளில், அப்பாவின் மதம், அம்மாவின் மதம் என்று இரண்டு கட்டங்கள் வந்தன. ஒரு வீட்டில் இரண்டு மதம் இருக்கலாம் என்பதைப் படிவமே ஒப்புக்கொண்ட மாதிரி.

பள்ளிச் சேர்க்கை: தமிழ்நாட்டில் பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம், 'இல்லை' என்றும் எழுதலாம். இதற்கு 1973இலேயே அரசாணை உண்டு. 2000இல் மறுபடியும் உறுதிப்படுத்தினார்கள். ஆபீஸ் கவுன்டரில் "ஏதாவது போட்டே ஆகணும்" என்று சொன்னால், அரசாணை இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

சாதிச் சான்றிதழ்: சாதி மறுத்து மணந்தவர்களின் பிள்ளைகளை, பெற்றோர் தரும் உறுதிமொழியின்படி அப்பா அல்லது அம்மாவின் சமூகமாகக் கருதலாம் என்று தமிழ்நாட்டில் 1975லிருந்தே அரசாணை இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2012இல் ஒரு குஜராத் வழக்கில், பிள்ளைக்கு அப்பாவின் சாதி என்பது முடிந்த முடிவு அல்ல என்றது. பிள்ளை எந்தச் சூழலில் வளர்ந்தது, எந்தச் சமூகத்தின் இழிவுகளை அனுபவித்தது என்று பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

மதம் மாறினால்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்களுக்கு மட்டுமே. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அப்பா பட்டியல் சாதியில் பிறந்தவர், அம்மா கிறிஸ்தவர். பெண்ணுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். வளர்ந்து அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது, தான் இந்து, பட்டியல் சாதி என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு மாதக் குழந்தைக்காகப் பெரியவர்கள் எடுத்த முடிவு பல வருஷம் கழித்து அதே குழந்தையின் வேலை விண்ணப்பத்தில் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள்.

சாதி, மதம் அற்றவர்: 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா இந்தச் சான்றிதழைப் பெற்றபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, இப்படிக் கேட்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்க வழிசெய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் இந்தச் சான்றிதழோடு இட ஒதுக்கீடும் கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இட ஒதுக்கீடு தேவைப்படும் பிள்ளையின் பெயரில் பெற்றோர் தங்கள் கொள்கையை நிரூபிக்க வேண்டியதில்லை.

சொத்து: இந்து ஒருவரும் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் ஒருவரும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தால், அவர்கள் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாவிட்டால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. தம்பதி இருவரும் இந்து என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டமே தொடரும். ஆனால் கல்யாணத்துக்காக இந்துவாக இருந்தவர் மதம் மாறியிருந்தால், அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்து உறவினர்களின் சொத்தில், உயில் இல்லாத பட்சத்தில், உரிமை போய்விடும். அந்தச் சொத்து கைமாறும் நேரத்தில் பிள்ளை இந்துவாக இருந்தால் மட்டுமே விலக்கு. தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளை மேல் பாசம் இருந்தால், அதை உயிலில் எழுதிவைப்பது நல்லது.

பேப்பர் முடிஞ்சா பிரச்சினை முடிஞ்சுதா?

அங்கேதான் ஆரம்பிக்குது. ஃபார்மில் ஒரு கட்டத்தை நிரப்பிவிடலாம். பொங்கலுக்கு எந்த வீடு, கிறிஸ்துமஸுக்கு எந்த வீடு, யார் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கலாம், காது குத்தணுமா, ஞாயிற்றுக்கிழமை டியூஷனா திருப்பலியா என்று வீட்டுக்குள் தினம் ஒரு ஃபார்ம் வரும்.

நகரத்துக்கு இதெல்லாம் சகஜம். மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயிலிலிருந்து சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் ஒரே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்தில். தி.நகரில் தீபாவளிக்கு ஒரு செட், கிறிஸ்துமஸுக்கு ஒரு செட் என்று இரண்டு முறை துணி எடுக்கிற பிள்ளையைப் பார்த்து ஃபிரெண்ட்ஸ் "லக்கிடா நீ" என்பார்கள். லக்கிதான். ஆனால் அந்த லக்கியான பிள்ளை சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும்.

ஒன்று, தூது போகும் வேலை. "உங்க அப்பா வீட்ல இதெல்லாம் தெரியாது போல" என்று அம்மா பக்கத்தில் யாரோ சொல்வார்கள். "உங்க அம்மா ஏன் பொட்டு வைக்கறதில்ல?" என்று அப்பா பக்கத்தில் யாரோ கேட்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு, இரண்டையும் வீட்டில் சொல்லாமல் மறைத்து, சமாதானத்தைப் பத்து வயதில் தோளில் சுமக்கும்.

இரண்டு, நிரூபணமாக இருக்கும் வேலை. "நீங்க லவ் மேரேஜ் பண்ணீங்க, பிள்ளை எப்படி வளருதுன்னு பார்க்கலாம்" என்று சொந்தம் காத்திருக்கிறது. அதனால் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், அடக்கமாக இருக்க வேண்டும். மார்க் குறைந்தாலும் அது கல்யாணத்தின் குற்றமாகிவிடும்.

மூன்று, மௌனத்தைக் காக்கும் வேலை. சில வீடுகளில் ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டியே கிடையாது. போட்டோ கிடையாது, போன் கிடையாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. 2016இல் உடுமலைப்பேட்டை சங்கர், 2025 ஜூலையில் திருநெல்வேலியில் கவின் என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பிள்ளைகளும் அதை மொபைலில் பார்க்கிறார்கள். நமக்கு அது ஒரு செய்தி. அவர்களுக்கு, 'எங்க வீட்லயும் இப்படி ஏதாவது நடந்திருக்குமா?' என்ற கேள்வி.

ஆராய்ச்சி என்ன சொல்லுது?

'இரண்டு கலாச்சாரத்தில் வளர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும்' என்பது நம் ஊரின் நிரந்தர எச்சரிக்கை. உளவியலாளர் வெரோனிக்கா பெனெட்-மார்ட்டினெஸ் இரு கலாச்சார அடையாளம் உள்ளவர்களைப் பல வருஷம் ஆராய்ந்தவர். அவர் கவனித்தது, இரண்டு கலாச்சாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதாக அந்த நபர் உணர்கிறாரா, மோதுவதாக உணர்கிறாரா என்பதை. ஒத்துப்போவதாக உணர்பவர்களின் மனநலம் மேலாக இருந்தது. அதாவது இரண்டு இருப்பது சிக்கல் இல்லை. இரண்டும் சண்டை போடுவதாகப் பிள்ளைக்குத் தோன்றுவதுதான் சிக்கல். அந்தத் தோற்றத்தை உருவாக்குவது பெரும்பாலும் பெரியவர்கள்.

இன்னொரு தகவல். வேறு நாட்டில் வளரும் பிள்ளைகளைக் குறிக்க உலகம் முழுக்கப் பயன்படும் 'மூன்றாம் கலாச்சாரம்' என்ற சொல், 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்த ஜான், ரூத் யூசீம் தம்பதியிடமிருந்து வந்தது. அப்பா ஊரும் இல்லாமல், வாழும் ஊரும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உருவாகிறது என்றார்கள். கலப்புக் குடும்பப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் பாதி இது, பாதி அது இல்லை. முழுசாக வேறொன்று.

கலப்பு மரபினருக்கான உரிமைகள் என்று அமெரிக்க உளவியலாளர் மரியா ரூட் 1993இல் ஒரு பட்டியலே போட்டார். பெற்றோர் என்னை அடையாளப்படுத்துவதிலிருந்து நான் மாறுபடலாம், என் கூடப் பிறந்தவரிடமிருந்து மாறுபடலாம், இடத்துக்கு இடம் வேறு மாதிரி சொல்லலாம், வாழ்க்கையின் போக்கில் மாற்றியும் கொள்ளலாம் என்பது அதன் சாரம். அரசுகளும் மெதுவாக அந்த வழிக்கு வருகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 2000லிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம். தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 2011லிருந்து பிள்ளைக்கு 'இந்தியர்-சீனர்' என இரட்டையாகவே பதிவு செய்யலாம்.

வீட்ல எந்த மொழி பேசறது?

பெற்றோர் அதிகம் குழம்பும் கேள்வி இதுதான். 'ஆளுக்கொரு மொழி' என்ற முறை பிரபலம். அப்பா எப்போதும் அப்பாவின் மொழி, அம்மா எப்போதும் அம்மாவின் மொழி. பிரெஞ்சு மொழியியலாளர் ழூல் ரோன்ழா தன் மகனை இப்படி பிரெஞ்சும் ஜெர்மனும் பேசவைத்து வளர்த்து, 1913இல் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

ஆனால் அது மட்டும் போதாது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் அன்னிக் டி ஹௌவர் சுமார் 1,900 குடும்பங்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு, ஊர்மொழியான டச்சை எல்லாப் பிள்ளைகளும் பேசினார்கள் என்பது. வீட்டில் இருந்த இன்னொரு மொழியைச் சுமார் நான்கில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் பேசவில்லை. பாடம் எளிது. சென்னையில் தமிழையும் இங்கிலீஷையும் ஊரும் பள்ளியும் பார்த்துக்கொள்ளும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் பள்ளியில் தமிழ் கட்டாயமும் கூட. மெனக்கெட வேண்டியது ஊரில் இல்லாத மொழிக்குத்தான். அம்மாவின் மொழி பெங்காலி என்றால், அம்மா தினமும் பேச வேண்டும், அப்பாவும் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள வேண்டும். அப்பாவே பேச முயற்சி பண்ணாத மொழியை மகன் மதிப்பானா?

அப்படியும் பிள்ளை திருப்பித் தமிழிலேயே பதில் சொல்கிறதா? திட்டாதீர்கள். புரிந்துகொள்வதும் பாதி வெற்றிதான். வாரம் ஒரு வீடியோ கால், கோடை லீவில் இரண்டு வாரம் பாட்டி வீடு. பாட்டியோடு பேச ஒரு மொழி வேண்டும் என்ற தேவை வந்துவிட்டால், மிச்சத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

யார் என்ன செய்யலாம்?

பெற்றோர்

* உங்கள் கல்யாணக் கதையைப் பிள்ளையின் வயதுக்கு ஏற்ற மாதிரி, ஆனால் பொய் இல்லாமல் சொல்லுங்கள். ஆறு வயதில், "தாத்தாவுக்கு எங்க கல்யாணத்துல கோபம், அது உன் மேல இல்லை" என்பது போதும். பதினாறு வயதில் முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் மனிதர் சொல்லித் தெரியக் கூடாது.
* பெயர், சடங்கு, சான்றிதழ் பற்றிய முடிவுகளை நீங்கள் இருவரும் முதலில் பேசி எடுங்கள். முடியாத முடிவைப் பிள்ளையிடம் தள்ளி, "உனக்கு எது பிடிக்கும் சொல்லு" என்று கேட்பது சுதந்திரம் கொடுப்பதாகாது. அப்பாவா அம்மாவா என்று கேட்பதுதான் அது.
* சண்டை வரும்போது "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்து தூக்கிவிடுங்கள். பிள்ளையும் அந்த ஆளுங்களில் ஒருவர்.
* தூது அனுப்பாதீர்கள். மாமியாரிடம் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லுங்கள். அவரவர் பெற்றோரை அவரவர் சமாளிப்பது நல்ல விதி.

தாத்தா பாட்டி

* உங்கள் வீட்டுப் பழக்கங்களைச் சொல்லித் தாருங்கள், தாராளமாக. கோலம், ஜபமாலை, மீன் குழம்பு, குடும்ப மரம் எல்லாம் பிள்ளைக்குச் சொத்து. ஆனால் "அங்க போய் இதைச் சொல்லாதே" என்று சேர்த்துச் சொல்லாதீர்கள்.
* நிறம், மூக்கு, உச்சரிப்பு பற்றி "அந்தப் பக்கத்து ஜாடை" என்று கிண்டல் செய்யாதீர்கள். உங்களுக்கு அது ஒரு நிமிஷச் சிரிப்பு. பிள்ளை கண்ணாடி முன்னாடி ரொம்ப நாள் நிற்கும்.

ஆசிரியர்கள், பள்ளி

* சாதி, மத விவரத்தை வகுப்பில் எல்லார் முன்னாடியும் கேட்டு எழுதாதீர்கள். தனியாக, பெற்றோரிடம்.
* 'என் குடும்பம்', 'எங்கள் வீட்டுப் பண்டிகை' என்று கட்டுரை கொடுக்கும்போது, இரண்டு வீட்டுக் கதையையும் எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும்.

நண்பர்கள்

* "அப்போ நீ உண்மையில என்ன?" என்று கேட்காதீர்கள். 'உண்மையில' என்ற வார்த்தைதான் குத்தும். தெரிந்துகொள்ள ஆசை என்றால், "உங்க வீட்ல என்ன ஸ்பெஷல்?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும். சாப்பாடும் வரலாம்.

நீங்களே அந்தப் பிள்ளையா?

* எல்லாருக்கும் முழு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆட்டோவில் கேட்கிறவருக்கு ஒரு பதில், ஃபிரெண்டுக்கு ஒரு பதில், உங்களுக்கே ஒரு பதில் என்று இருக்கலாம். அது பொய் இல்லை.
* ஒரு பக்கத்தை அதிகம் பிடிப்பது இன்னொரு பக்கத்துக்குத் துரோகம் இல்லை. 15 வயதில் பிடித்தது 25இல் மாறலாம்.
* பெற்றோரின் காதல் ஜெயித்ததா என்பதை உங்கள் மார்க் ஷீட் நிரூபிக்க வேண்டியதில்லை.

எப்போ உதவி தேடணும்?

ஒரு பக்கத்து உறவினர்களைப் பார்க்கவே மறுப்பது, தன் பெயரையோ தோற்றத்தையோ வெறுத்துப் பேசுவது, வீட்டில் சண்டை வந்தால் தன்னால்தான் என்று நினைப்பது, தூக்கமும் படிப்பும் கெடுவது. இவை வாரக்கணக்கில் நீடித்தால் பள்ளி ஆலோசகரையோ மனநல நிபுணரையோ பாருங்கள். டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098, தமிழ்நாடு அரசின் 104, சென்னை சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050 ஆகிய எண்களில் பேசலாம். குடும்பத்துக்கு உறவினர்களிடமிருந்து மிரட்டல் இருந்தால் அது காவல் துறை விஷயம். சாதி, மதம் தாண்டி மணப்பவர்களின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே உத்தரவிட்டிருக்கிறது.

கடைசியா, காலிங் பெல் அடிச்சா?

அடையாறு வீட்டுக்கே திரும்புவோம். கணக்கெடுப்பில் மதம் என்பது ஆளாளுக்குத் தனிக் கேள்வி. குடும்பத் தலைவரின் மதம்தான் எல்லாருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே கணக்கெடுப்பாளர்களுக்குத் தரப்பட்டு வந்த அறிவுரை. 2011இல் மதம் குறிப்பிடாதவர்களாக மட்டும் சுமார் 28.7 லட்சம் பேர் பதிவாகியிருக்கிறார்கள். தாய்மொழி போக, தெரிந்த வேறு இரண்டு மொழிகளையும் அப்போது பதிவு செய்தார்கள்.

அதனால் இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டிவியை ஆஃப் பண்ணிவிட்டு, மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் இப்படி நினைக்கிறோம், காரணம் இது, உனக்கு என்ன தோணுது என்று கேளுங்கள். அவள் ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். மூன்று வார்த்தை கேட்கலாம். 'இப்போ தெரியாது' என்றும் சொல்லலாம். பெல் அடிக்கும் நாளில், வாசலில் நிற்கிறவர் முன்னாடி அவள் உங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்காமல் இருந்தால் போதும்.